ஏழடிப்பட்டம் ஏற ஒரு காலைப்பொழுது போதுமா?

கேள்வி: வைகாசியில் கானாடுகாத்தானில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் காலை எங்களுக்கு வேலை இல்லை. சித்தன்னவாசல் போய்ச் சமணர் படுக்கையையும் கல்லில் வெட்டிய பழைய எழுத்தையும் பார்க்க ஆசை. அப்பச்சிக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 9. இந்த வெயிலில் சரிப்படுமா?

பதில்: சரிப்படும். ஆனால் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தால் காரியம் கெட்டது. திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறக்குறைய 50 கி.மீ. இருட்டோடு புறப்பட்டு, வாயில் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். குன்றின் உயரம் 70 மீட்டர் வாக்கில்தான். உயரத்தைவிட வெயில்தான் பாடாய்ப் படுத்தும். மரநிழலே இல்லாத மொட்டைப் பாறை, பத்து மணிக்கெல்லாம் தோசைக்கல்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ. கல்யாணத்துக்குப் போட்ட வழவழப்புச் செருப்பு வேண்டாம்.

முதலில் ஏழடிப்பட்டம், நீங்கள் சொன்ன சமணர் படுக்கைகள் உள்ள குகை. ஏறிப்போகக் கல்லில் ஏழு குழிகள் வெட்டியதால் அந்தப் பெயர். உள்ளே வழவழவென்று தேய்த்த 17 படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போலக் கல்லிலேயே மேடு. கூரை தாழ்வு, அண்ணாந்து பார்த்தபடி நுழைந்தால் மண்டை இடிக்கும்.

இருப்பதிலேயே பெரிய படுக்கையின் ஓரத்தில்தான் நீங்கள் தேடும் எழுத்து. தமிழை எழுதிய பழைய எழுத்துமுறையான தமிழ் பிராமி, சுமார் 2000 ஆண்டுப் பழமை. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். பலர் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள், காரணம் வெளிச்சம். நேராக டார்ச் அடித்தால் வெறும் கல்தான் தெரியும். செல்போன் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மகனிடம் கூட்டல் குறியைத் தேடச் சொல்லுங்கள், பிராமியில் 'க' அப்படித்தான் இருக்கும். உயிர் சேர்ந்தால் அதில் ஒரு சின்னக் கோடு கூடும். வடக்கே இல்லாத நம் 'ழ'வும் அந்த வரியில் உண்டு. ஒன்று மட்டும்: எழுத்து தெளியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். படுக்கையில் படுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம், அது எனக்கு எரிச்சல் தரும் வழக்கம்.

அப்பச்சிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். முழங்கால் அப்போதுதான் பேசும். கைத்தடி இருக்கட்டும், பாதியில் வலித்தால் அங்கேயே திரும்பிவிடலாம். அப்படித் திரும்பினாலும் அவருக்கு நஷ்டமில்லை, மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்கு ஏற்றம் குறைவு. அந்தக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக வெளியே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

திரும்பும் வழியில் நேரம் மிஞ்சினால் திருமயம். பாறையைக் குடைந்து செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள், பக்கத்திலேயே சிவன் குடைவரை. உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

அப்புறம், அறிவர் கோயில் கருவறையின் நடுவில் நிற்கும்போது மகனை வாய் மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். சுருதி பொருந்தியதும் அறை முழுக்கத் திருப்பி முழங்கும். அப்பச்சியும் ஒருமுறை முனகிப் பார்க்காமல் வெளியே வரமாட்டார்.