தானாகச் சரியாகிவிட்டாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

கேள்வி: காரைக்குடி அருகே இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு 72 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றுக் காலை காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வாய்வு என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கூட்டிப் போங்கள். வாய்வுக்குக் கை விழாது, நாக்குக் குழறாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைச் சின்ன ரத்தக் கட்டி ஒன்று அடைத்து, தானே கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படி வந்து போனவர்களில் சிலருக்கு அடுத்த இரண்டு நாளுக்குள்ளேயே முழுப் பக்கவாதம் வந்துவிடுகிறது. சரியாகிவிட்டதே என்று நிம்மதியாக இருப்பதுதான் எனக்குப் பயம். இப்போது காட்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துத் தடுக்க வழி இருக்கிறது.

மறுபடி வந்தால் எப்படித் தெரியும்? சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று தானாகக் கீழே இறங்கும். பேச்சு குழறும், அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. திடீரென்று பார்வை மங்குவதும், நடை தள்ளாடுவதும், இதுவரை வராத அளவு தலைவலி வருவதும்கூட அறிகுறிகள்தான். பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு அறிகுறி இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மதுரைக்குப் போகிற நேரமும் சிடி ஸ்கேன் எடுக்கிற நேரமும் அதற்குள்தான் அடக்கம். ஆகவே சிடி ஸ்கேனும் அந்த ஊசியும் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் உண்டு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். புறா ரத்தம் தேய்க்கிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், செட்டிநாட்டில் பெரிய வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்க, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பது சகஜம். போனில் பேச்சு குழறினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அங்கிருந்து 108-ஐக் கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண் உங்களிடமும், வாசல் சாவி ஒன்று அவரிடமும் இருக்கட்டும்.