தென்னையில் கதண்டு, சன்ஷேடில் குளவி, சுவரில் மண்கூடு: யாரை அழைப்பது?

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே கிராமத்தில் வசிக்கிறோம். கொல்லைத் தென்னையில் பரங்கிக்காய் அளவுக்குக் கதண்டுக் கூடு தொங்குகிறது. சன்ஷேடுக்கு அடியில் சிறிய குளவிக் கூடு ஒன்றும், பூஜை அறைச் சுவரில் மண்கூடு ஒன்றும் இருக்கின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு, ஓராண்டுக்குக் குளவியே அண்டாதபடி மருந்தடித்துத் தர ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். 1,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். வீட்டில் வயதான மாமனாரும் ஐந்து வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மீதி 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கூடுகளும் மூன்று வேறு பூச்சிகளுடையவை. அவற்றில் ஒன்றுதான் ஆபத்தானது, அதை எடுக்க அரசுத் துறையே இருக்கிறது.

ஆபத்தானது தென்னையில் இருக்கும் கதண்டு என்ற பெரிய குளவி. ஏறக்குறைய ஓர் அங்குல நீளம், கருத்த உடல், வயிற்றின் முன்பாதியில் அகலமான மஞ்சள் பட்டை என்று இருந்தால் அது கதண்டுதான். மரநாரை மென்று கூழாக்கிக் காகிதம்போல அது கட்டும் கூடு, வெளியே உறை மூடி, ஒரு வாசல் மட்டும் விட்டிருக்கும். பரங்கிக்காய் அளவு என்றால் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை இழந்து செத்துவிடும். கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை நசுக்கினாலோ அது கொட்டினாலோ வெளிப்படும் வாடை மற்றவற்றையும் கிளப்பிவிடும். எனவே கல்லெறிவது, கழியால் தட்டுவது, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது எதையும் செய்யாதீர்கள். கூட்டை எடுக்கும் வரை அந்த மரத்தில் தேங்காய் பறிக்க ஆள் ஏற்றாதீர்கள். விழுகிற ஒரு மட்டையே போதும் அவற்றைக் கிளப்ப.

இதற்கு அழைக்க வேண்டியது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை. எண் 101, 112-லும் சொல்லலாம். இந்தப் பணிக்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. கூடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அருகில் கூரை வீடோ வைக்கோல் போரோ மின்கம்பியோ உண்டா, வண்டி எதுவரை வரும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கதண்டுகள் அனைத்தும் கூடடைந்த பிறகு, இரவில்தான் வேலை நடக்க வேண்டும். பகலில் வரவில்லையே என்று அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் வேலை செய்யும்போது திண்ணை விளக்கையும் கொல்லை விளக்கையும் அணைத்து, கதவு சன்னல்களைச் சாத்திவிடுங்கள். கலைந்த கதண்டு இருட்டில் வெளிச்சத்தை நோக்கியே பறந்து வரும்.

இவ்வளவு எளிய ஏற்பாடு ஊரில் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் வனத்துறையைக் காட்டுகிறார்கள். அங்கே கேட்டால் இது வன விலங்கு அல்ல என்கிறார்கள். மின்கம்பத்தை ஒட்டிய கூடு என்றால் இன்னும் ஓர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் 101 என்ற மூன்று இலக்கத்தைப் பெரிதாக எழுதி வைக்க என்ன செலவாகிவிடும்? எழுதி வைக்காததால்தான் உங்கள் வாசலுக்கு 6,000 ரூபாய் கேட்டு ஆள் வருகிறார்.

அப்படிப்பட்ட ஆட்களின் வேலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உறவினர் ஒருவர் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் வந்தார். உடம்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, நீண்ட மூங்கிலால் கூட்டை இடித்துத் தள்ளினார். கீழே விழுந்து உடைந்த அடைகளைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் பாதிக் கதண்டுகள் இரை தேடப் போயிருந்தன. அவை திரும்பிவந்து கூடிருந்த கிளையிலேயே கொத்தாக மொய்த்தன. மறுநாள் காலை களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பாட்டிக்குக் கழுத்திலும் உச்சந்தலையிலும் ஒன்பது கொட்டு. இடித்தவரின் தொலைபேசி அன்று முதல் எடுக்கப்படவே இல்லை.

ஓராண்டுக்குக் குளவி வராமல் தடுக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. வெயிலிலும் மழையிலும் இருக்கும் தென்னை மட்டையில் அடித்த மருந்து அவ்வளவு காலம் நிற்காது. அடிப்பது என்ன மருந்து என்று அவரிடம் கேளுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்படி, கட்டணம் வாங்கிப் பூச்சி ஒழிப்பு வேலை செய்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். அதையும் காட்டச் சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்தைப் பெயரில்லாத புட்டியில் ஊற்றி வந்து வீட்டில் அடிப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. டைக்ளோர்வாஸ் போன்றவற்றின் பயன்பாடு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மருந்துப் புட்டியில் சீட்டு இல்லையென்றாலோ, உரிமம் இல்லையென்றாலோ வீட்டுக்குள் விடாதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வராவிட்டாலும் 1,000 ரூபாயோடு போயிற்று.

சன்ஷேடுக்கு அடியில் இருப்பது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உறையில்லாமல் ஒரு காம்பில் தொங்கும் திறந்த அடையாக இருக்கும். இந்தச் சிறு குளவிகளில் ஓர் இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். கூட்டைச் சீண்டாதவரை இவை தேடி வந்து கொட்டுவதில்லை. பயிர்ப் புழுக்களையும் தின்னும். ஆனால் குழந்தை எட்டும் இடத்தில், வாசலுக்கு நேராக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஐந்தாறு குளவிகளே இருக்கும் நிலையில், விடிவதற்கு முன், முழுக்கைச் சட்டையும் தலையில் துணியும் அணிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து தெளிப்பானால் நனைத்துவிட்டு, நீண்ட குச்சியால் காம்பைத் தட்டி எடுங்கள். சோப்புநீர் அவற்றின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய அடையாக இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஏணியில் நின்றபடி எந்தக் கூட்டையும் தொடாதீர்கள். கொட்டிய வலியில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வீர்கள்.

பூஜை அறை மண்கூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மக்கள் தேவையில்லாமல் மிகுதியாகப் பயப்படுவதும் பணத்தைத் தொலைப்பதும் இதில்தான். இதைக் கட்டுவது மெல்லிய இடுப்புள்ள ஒற்றைப் பெண் குளவி. இதற்குக் கூட்டம் கிடையாது, காவல் கிடையாது. கையில் பிடித்து அழுத்தினாலொழியக் கொட்டாது. காய்ந்த மண்கூட்டைக் கத்தி முனையால் பிளந்து பார்த்தால், அறைக்குள் சிறு சிலந்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். செத்தவைபோலத் தோன்றினாலும் ஊசியால் தொட்டால் ஒரு கால் மெல்ல அசையும். குளவி அவற்றைக் கொட்டி முடக்கி வைத்து, மேலே முட்டையிட்டு வாயை மூடிவிட்டுப் போயிருக்கிறது. வேறு சில மண் குளவிகள் சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்களை வைக்கும். கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று நம் முன்னோர் எண்ணியது இதைப் பார்த்துத்தான். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையால் சிலர் அதைக் கலைக்க மாட்டார்கள். கலைக்காவிட்டாலும் எந்தக் கேடும் இல்லை. கூட்டில் வட்டமான துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். சுரண்டி எடுத்துச் சுவரைத் துடைத்துவிடலாம். மின்சார பிளக் துளையிலோ குழாய் வாயிலோ கட்டியிருந்தால் மட்டும் உடனே அகற்றுங்கள். பிளக் என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான். இதற்கு மருந்தோ ஆளோ தேவையில்லை.

யாரையாவது கொட்டிவிட்டால், முதலில் அந்த இடத்தைவிட்டு ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள், சோப்பால் கழுவி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ தொண்டையோ வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்று ஏதாவது தெரிந்தால் ஒரே கொட்டாக இருந்தாலும் உடனே 108. ஏழெட்டுக் கொட்டுக்கு மேல் வாங்கியவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிகுதியான நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் குறைவதும் கடுங்காப்பி நிறத்தில் போவதும் அடுத்த நாள்கூடத் தொடங்கலாம். உங்கள் மாமனார் விஷயத்தில் இதை மறக்காதீர்கள்.

தீயணைப்பு வீரர்கள் வந்து போன பிறகும் இரண்டு மூன்று நாள்களுக்குத் தப்பிய சில கதண்டுகள் அந்த மரத்தைச் சுற்றும். அதுவரை கொல்லையில் துணி உலர்த்தாமல், குழந்தையை அந்தப் பக்கம் விடாமல் இருங்கள். அவை அடங்கியது தெரிந்த பிறகு மரமேறுபவரைக் கூப்பிட்டுக் காய் பறித்துக்கொள்ளலாம்.