கேள்வி–பதில்: பழைய பெட்டியில் புது ஹைபர்வைசர்

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளே ஹைபர்வைசர். அவற்றில் ஒன்றான ப்ராக்ஸ்மாக்ஸின் 9ஆம் பதிப்பு வெளியானது 2025 ஆகஸ்டில். அடித்தளம் டெபியன் 13 லினக்ஸ்; வெளியானபோது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.14. பத்துப் பன்னிரண்டு வயதான வீட்டு சர்வர்களில் இதை ஏற்றியவர்களும் ஏற்றப் போகிறவர்களும் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: 8லிருந்து 9க்கு அப்கிரேட் செய்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. ரீபூட் ஆனதும் வலைப்பக்கம் திறக்கவில்லை, பிங்கும் போகவில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் லாகின் கேட்டுக்கொண்டு சாதுவாக நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். லாகின் கேட்கிறது என்றால் சர்வர் எழுந்துவிட்டது. பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். ஈஎன்பி3எஸ்0 என்ற பெயரில் உள்ள 3, கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ பஸ்ஸின் எண். கெர்னல் மாறும்போது சில போர்டுகளில் அதே கார்டு ஈஎன்பி3எஸ்0எஃப்0 என்று புதுப் பெயரோடு வரும். விஎம்களைக் கார்டோடு இணைக்கும் பிரிட்ஜோ (விஎம்பிஆர்0) பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

ரூட்டாக உள்ளே போய் "ஐபி லிங்க்" கட்டளையைக் கொடுங்கள். மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) வைத்து உங்கள் கார்டைக் கண்டுபிடித்து, இப்போதைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நானோவில் /ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறங்கள். பழைய பெயர் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கும்: கார்டுக்கான "ஐஃபேஸ்" வரி ஒன்று, விஎம்பிஆர்0வுக்குக் கீழே "பிரிட்ஜ்-போர்ட்ஸ்" வரி ஒன்று. முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் வரவில்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களே அதிகம். இரண்டையும் மாற்றிச் சேமித்து "ஐஎஃப்ரீலோட் -ஏ" கொடுத்தால் பிங் போகும்.

அடுத்த கெர்னலில் இதே கூத்து வேண்டாம் என்றால், 9ல் இதற்கென்றே வந்திருக்கும் "பிவிஇ-நெட்வொர்க்-இன்டர்ஃபேஸ்-பின்னிங் ஜெனரேட்" கட்டளையை ஓட்டி ரீபூட் செய்யுங்கள். கார்டுகளுக்கு நிக்0, நிக்1 என்று நிலையான பெயர் அமைந்துவிடும்.

"ஐபி லிங்க்" பட்டியலில் கார்டே இல்லையா? அப்படியானால் கதை வேறு. ரியல்டெக் கார்டுக்காக எப்போதோ ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற தனி டிரைவர் பொதியைப் போட்டிருப்பீர்கள். அந்தப் பொதி, கெர்னலோடு வரும் ஆர்8169 டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். புதுக் கெர்னலுக்கு ஆர்8168 கம்பைல் ஆகாமல் போனால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பொதியை "ரிமூவ்" செய்தால் தடைக்கோப்பு அப்படியே தங்கிவிடும். "பர்ஜ்" செய்யுங்கள், இதற்கு இணையம் தேவையில்லை. /ஈடிசி/மாட்ப்ரோப்.டி கோப்புறையில் தடைக்கோப்பு மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டு "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

கேள்வி: பழைய இன்டெல் சியான் சர்வர். "லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்" என்ற வரியோடு திரை உறைந்துவிடுகிறது. பழைய கெர்னலில் ஒழுங்காக எழுகிறது.

பதில்: முதலில் ஐந்து நிமிடம் காத்திருந்து வேறு கணினியிலிருந்து பிங் செய்யுங்கள். பதில் வந்தால் உறைந்தது திரை மட்டுமே. கெர்னல் வரியில் "நோமோட்செட்" சேர்த்துப் பாருங்கள்.

பதில் வராவிட்டால் முதல் சந்தேகம், சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ மீது. கெர்னல் 6.8 முதல் இன்டெல் இயந்திரங்களில் இது தானாகவே இயங்குகிறது. எந்தச் சாதனம் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்பதை பயாஸ் ஓர் அட்டவணையில் சொல்ல வேண்டும். பழைய பயாஸ்களில் அந்த அட்டவணை அரைகுறையாக இருப்பதுண்டு. அப்போது ரெய்டு கார்டு நினைவகத்தைத் தொட முயன்று தடுக்கப்படும். ரூட் டிஸ்க் கிடைக்காமல் பூட் நின்றுவிடும்.

பூட் மெனுவில் புதுக் கெர்னல் மீது நின்று "ஈ" விசையை அழுத்துங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆஃப்" சேர்த்து கன்ட்ரோல் + எக்ஸ். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் என்பதால் பயமின்றிச் செய்யலாம். எழுந்துவிட்டால் நிரந்தரமாக்குங்கள். கிரப் என்ற பூட் லோடர் உள்ள பெட்டியில் /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் சேர்த்து "அப்டேட்-கிரப்". யூஇஎஃப்ஐயில் (பயாஸின் புதிய வகை) இசட்எஃப்எஸ் கோப்பு முறையிலிருந்து பூட் ஆகும் பெட்டியில் /ஈடிசி/கெர்னல்/சிஎம்டிலைன் கோப்பில் சேர்த்து "ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ரெஃப்ரெஷ்". தவறான கோப்பில் எத்தனை முறை திருத்தினாலும் பலனில்லை. உங்களுடையது எது என்று "ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ஸ்டேட்டஸ்" சொல்லும்.

ஐஓஎம்எம்யூவை அணைத்தால் பிசிஐ பாஸ்த்ரூ (ஒரு கார்டை நேரே விஎம்மிடம் ஒப்படைக்கும் வசதி) போய்விடும். அது வேண்டுமென்றால் "ஐஓஎம்எம்யூ=பிடி" போட்டுப் பாருங்கள்; சில பெட்டிகளில் அதுவே போதும். எதுவும் பலிக்காவிட்டால் "ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கெர்னல் பின்" கொடுத்துப் பழைய கெர்னலிலேயே நிறுத்திவைக்கலாம். ஆனால் பழைய கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்பதால் அதை ஒரு தங்குமிடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய விஎம்கள் எல்லாம் ஓடுகின்றன. புதிதாக உருவாக்கும் விஎம் மட்டும், சிபியுவில் ஏஇஎஸ் (குறியாக்க) வசதி இல்லை என்று சொல்லி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பதில்: 8ஆம் பதிப்பிலிருந்து, வலைப்பக்கம் வழியே உருவாக்கும் விஎம்முக்கு எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் என்ற சிபியு வகையே இயல்பாக அமைகிறது. இன்டெலின் நெஹாலம் தலைமுறையில் ஏஇஎஸ் கிடையாது. பிறகு வந்தவற்றிலும் மலிவு மாடல்களில் இல்லை. உதாரணமாக செலரான் ஜி1610டி. ஹார்ட்வேர் பகுதியில் பிராசசரைத் திறந்து எக்ஸ்86-64-வி2 அல்லது ஹோஸ்ட் என்று மாற்றுங்கள். கேவிஎம்64 என்ற பழைய வகைக்குக் கீழே இறங்கிவிடாதீர்கள்: ரெட் ஹாட் லினக்ஸ் 9 வகையறாக்கள் வி2 அளவு சிபியு வசதிகள் இல்லாமல் எழாது. ரெட் ஹாட் 10க்கு வி3 வேண்டும். அது 2013ல் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சிபியுவில் எந்த அமைப்பை மாற்றியும் வராது.

கேள்வி: சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் 9ல் எழவில்லை.

பதில்: எழாது. விஎம் போலன்றி, கன்டெய்னர் சர்வரின் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. கன்டெய்னருக்குள் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் 230, அதற்கு முந்தையவை, வளங்களைப் பங்கிடும் பழைய சிகுரூப் முறையை நம்பியவை; 9ல் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். சென்ட்ஓஎஸ் 7ல் இருப்பது 219. உபுன்டு 16.04லும் 229தான். தரவைப் புதுக் கன்டெய்னருக்கு மாற்றுங்கள்; அந்த ஓஎஸ்ஸே வேண்டுமென்றால் விஎம்மாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இன்னும் 7லேயே இருக்கிறேன். நேராக 9க்குப் போகலாமா? முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

பதில்: நேராகப் போக முடியாது. 7லிருந்து 8, அதை 8.4 வரை முழுதாகப் புதுப்பித்து, பிறகு 9. பேக்கப் வேறு டிஸ்க்கில் இருக்கட்டும். இன்டர்ஃபேசஸ் கோப்பையும் ஒரு யுஎஸ்பியில் நகலெடுங்கள். ரூட் பகுதியில் குறைந்தது 5 ஜிபி காலி வேண்டும், 10 இருந்தால் நிம்மதி. "பிவிஇ8டு9 --ஃபுல்" ஓட்டி, அது சிவப்பில் காட்டுவதை எல்லாம் தீர்த்த பிறகே ரெபாசிட்டரிகளில் புக்வார்மை (டெபியன் 12) டிரிக்ஸியாக (டெபியன் 13) மாற்றுங்கள். வலைப்பக்கத்தின் ஷெல்லில் அப்கிரேடைத் தொடங்காதீர்கள்: நடுவில் அந்தச் சேவையே ரீஸ்டார்ட் ஆகி, ஷெல்லும் அறுந்துபோகும். எஸ்எஸ்எச் வழியே, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள், அல்லது நேரே கன்சோலில் ஓட்டுங்கள்.

9ல் தற்காலிகக் கோப்புகளுக்கான /டிஎம்பி நினைவகத்துக்குப் போய்விடுகிறது, ரேமில் பாதி வரை பிடிக்கும். 8 ஜிபி பெட்டியில் பெரிய கோப்புகளை அங்கே கொட்டும் ஸ்கிரிப்ட் இருந்தால் /வார்/டிஎம்பிக்குத் திருப்புங்கள்.

ஒரு சின்ன வேலை மிச்சம். சர்வரை அணைத்து, மூடியைத் திறந்து, பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காக்கும் சிஆர்2032 செல்லை மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் மின்சாரம் போய் வந்ததும் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். சில பெட்டிகளில் மெய்நிகராக்க வசதி அணைந்துபோய் விஎம்கள் எழாது. கடிகாரமும் பின்னால் போய்விடுவதால், ரெபாசிட்டரியின் "ரிலீஸ்" கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று, பொதிகளை நிறுவும் ஆப்ட் அடம்பிடிக்கும்.