பாட்டுப் பெட்டிக்கு எந்தத் தொடுதிரை?
வணக்கம் சகோ. பாட்டுப் பெட்டி செய்ய ராஸ்பெர்ரி பை 4 (கையளவு சின்னக் கணினி), அதன் தலைமேல் ஐ2எஸ் டேக் போர்டு (ஐ2எஸ் வழியாக வரும் டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பலகை), கூடவே மூன்றரை அங்குல எஸ்பிஐ தொடுதிரை (பையின் பின்களில் நேராகச் செருகும் வகை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. மலிவு என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் திரை பையின் இணைப்பு ஊசி (பின், pin) வரிசையின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், டேக் போர்டுக்கும் அதே இடம்தான் வேண்டும். போதாததற்குச் சில திரைகள் பின்னொளிக்கு ஜிபிஐஓ 18 என்ற பின்னைப் பிடித்துக்கொள்ளும், ஐ2எஸ் கிளாக் (பாட்டுத் தரவுக்குத் தாளம் போடும் சிக்னல்) ஓடுவதும் அதே 18-இல்தான், அப்புறம் பாட்டு எங்கே வரும்? பெரும்பாலும் ரெசிஸ்டிவ் (அழுத்தினால்தான் உணரும்) வகை வேறு, ஆல்பம் பட்டியலைத் தள்ள நகத்தால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

4.3 அங்குல டிஎஸ்ஐ (பையில் திரைக்கென்றே உள்ள தனி இணைப்பு) கெபாசிட்டிவ் திரை (போன் மாதிரி லேசாகத் தொட்டாலே போதும்) பாருங்கள், 800×480 பிக்சல். படமும் தொடுதலும் ஒரே ரிப்பன் கேபிளில் போய்விடும், பின்கள் டேக்குக்கே. பிறகு பை ஜீரோ 2-க்கு (இன்னும் சின்ன மாடல்) மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதில் டிஎஸ்ஐ கிடையாது. பை 5 என்றால் 22 பின் கேபிள், உங்களுடையதற்கு 15.

கேஎல்-இல்தானே (கோலாலம்பூர்) இருக்கிறீர்கள்? ஸ்பேசர், ஸ்க்ரூ எல்லாம் ஜாலான் பாசார் தெருக் கடைகளில் பார்த்து வாங்கிக்கொள்ளலாம், திரையைக் கையோடு கொண்டுபோனால் ஓட்டை அளவும் சரிபார்த்துவிடலாம்.