தினமும் ஓட்டியதால் கிளெய்ம் கிடையாதா?

கேள்வி: என்னிடம் 1972-ல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் வாங்கியபோதே கிளாசிக் கார்களுக்கான தனி பாலிசி எடுத்தேன். அதில் மூன்று நிபந்தனைகள்: வருடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, வேலைக்குப் போய்வரப் பயன்படுத்தக் கூடாது, தினசரி உபயோகத்துக்கு வேறொரு கார் இருக்க வேண்டும். போன வருடம் அந்த இன்னொரு காரை விற்றுவிட்டேன். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு எம்ஜிபியில்தான் போகிறேன். சென்ற மாதம் காலையில் வேலைக்குப் போகும்போது, மழையில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். பின்னால் வந்த கார் இடித்த வேகத்தில் என் கார் முன்னால் நின்ற காரில் மோதிவிட்டது. “நிபந்தனையை மீறிவிட்டீர்கள், பாலிசியே ஆரம்பத்திலிருந்து செல்லாது” என்கிறது என் இன்சூரன்ஸ் கம்பெனி. இடித்தவரின் கம்பெனி, இவ்வளவு பழைய காருக்கு மதிப்பே இல்லை என்று ஏதோ ஒரு சின்னத் தொகையைத் தருகிறது. முன்னால் நின்றவரும் என்னிடம் பணம் கேட்கிறார். “கார் கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடு” என்கிறார் என் அண்ணன். தினமும் ஓட்டியதே தவறா? இனிமேல் ஓட்டலாமா?

பதில்: உங்கள் அண்ணன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் அவசரம். அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே ஒரு வக்கீலைப் பார்த்து, திருத்தி இன்னொரு கடிதம் கொடுங்கள். இப்போது உங்கள் மேல் இருக்கும் குறை நிபந்தனை மீறல். அதில் வாதாட இடம் இருக்கிறது. கண்காட்சிக் கதையை எழுதிக் கொடுத்தால் அது மோசடிக் கிளெய்ம் ஆகிவிடும். பிரிட்டனின் 2015-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி மோசடிக் கிளெய்முக்குக் கம்பெனி எதுவும் தர வேண்டியதில்லை, கொடுத்திருந்தால் திருப்பியும் கேட்கலாம். பல நாடுகளில் இது குற்ற வழக்காகவும் போகும். வேலை நாள் காலையில், அலுவலகம் போகும் சாலையில் நடந்த விபத்து இது. ஓடோமீட்டரும் அலுவலகத்தின் பார்க்கிங் பதிவும் உங்களுக்கு எதிராகப் பேசும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நீங்கள் தினமும் ஓட்டினீர்கள் என்ற உண்மை, இந்த வழக்கில் ஓரிடத்தில் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உங்களுக்கும் உங்கள் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். மற்றொன்று, பின்னால் வந்து இடித்தவர் தன் கவனக்குறைவுக்காக உங்களுக்குத் தர வேண்டிய நஷ்டஈடு. நீங்கள் உங்கள் கம்பெனியிடம் கொடுத்த வாக்கை மீறியதற்கும், சிக்னலில் நின்ற காரை இன்னொருவர் இடித்ததற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பாலிசி நிபந்தனையைக் காட்டி அவர் தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஆகவே உங்கள் பலத்தை முதலில் அந்தப் பக்கம் செலவழியுங்கள். ஒரு விதிவிலக்கு: கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில், தவறு உங்களுடையது இல்லையென்றால் உங்கள் வாகனச் சேதத்தை உங்கள் கம்பெனியே தர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே இருந்தால் வழி மாறும். மற்றபடி பெரும்பாலான இடங்களில் நான் சொன்னதுதான் வழி.

“பழைய காருக்கு மதிப்பில்லை” என்ற பேச்சை ஏற்காதீர்கள். விபத்துக்கு முந்தைய நிமிடம் அந்தக் கார், அது இருந்த நிலையில், சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் கேள்வி. புதுக் கார்களுக்குப் போடும் தேய்மானக் கணக்கு இதற்குப் பொருந்தாது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். இன்றும் வாங்கி விற்கிறார்கள். அதனால் ஒப்பிட்டுக் காட்ட விற்பனை விவரம் கிடைக்காமல் போகாது. அதே வருடம், அதே நிலையில் உள்ள கார்கள் விற்ற விலைகள், எம்ஜி கிளப் ஒன்றின் மதிப்பீடு, பழைய கார்களைப் பற்றித் தெரிந்த ஒரு பொறியாளரின் அறிக்கை, நீங்கள் செலவு செய்த பில்கள், விபத்துக்கு முன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பழுது பார்க்கவே முடியாது என்று சொன்னால் அதுவும் உண்மையில்லை. இந்தக் காருக்கான முழு பாடியையே 1980-களின் கடைசியிலிருந்து பழைய அச்சுகளைக் கொண்டு மறுபடி தயாரித்து வருகிறார்கள். (முழு பாடியை மாற்றுவதாக இருந்தால், வாகனப் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காரின் அடையாளமே அதில் இருக்கிறது.)

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் கிளாசிக் பாலிசியில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு தொகை எழுதியிருக்கலாம். அது உங்கள் கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும். இடித்தவரின் கம்பெனியிடம் அதை ஒரு சான்றாகக் காட்டலாம், ஆனால் அந்தத் தொகையைக் கொடு என்று பிடிக்க முடியாது. அவர்கள் அனுப்பும் காசோலையோடு “முழுமையான, இறுதியான தீர்வு” என்ற வரி இருந்தால், தொகை சரியென்று முடிவு செய்யும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், காசோலையை வங்கியிலும் போடாதீர்கள்.

இப்போது, பொறுத்துச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். வருடத்தில் நாலு முறை எடுத்து ஓட்டும் கார் என்றால், ஒர்க்ஷாப்பில் நிற்கும் காலத்துக்கு உங்களுக்கு இழப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. உங்களுக்கு இருப்பதோ இந்த ஒரே கார், தினமும் வேலைக்குப் போவது இதில்தான். எனவே நியாயமான வாடகையில் மாற்றுக் கார் எடுத்த செலவையும் இடித்தவரிடம் கேட்கலாம். ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். சொகுசுக் கார் எடுக்காதீர்கள், தேவைக்கு ஏற்றது போதும். இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டுமானால் தினசரி ஓட்டியதை நீங்களே சொல்லியாக வேண்டும். ஒரு கம்பெனியிடம் கண்காட்சி, இன்னொரு கம்பெனியிடம் அலுவலகம் என்று இரண்டு கதை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் உங்களுக்காக நிற்க முடியாது.

சரி, உங்கள் கம்பெனியின் கடிதம். “ஆரம்பத்திலிருந்தே செல்லாது” என்பது பெரிய வார்த்தை. பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ கேட்ட கேள்விக்கு நீங்கள் தவறான பதில் கொடுத்திருந்தால்தான் பொதுவாக அது எழும். நான்கு வருடத்துக்கு முன் நீங்கள் சொன்னது உண்மை. அப்படியானால் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: அந்த இன்னொரு காரை விற்ற தேதி, கடைசியாகப் புதுப்பித்த தேதி. புதுப்பித்த பிறகு விற்றிருந்தால், அது நடுவில் நடந்த நிபந்தனை மீறல் மட்டுமே. பாலிசியை வேரோடு பிடுங்க அது பொதுவாகப் போதாது. விற்ற பிறகு புதுப்பித்திருந்தால், அப்போது உங்களிடம் என்ன கேட்டார்கள், நீங்கள் எதில் டிக் அடித்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் தனிநபர் காப்பீட்டுக்கான 2012-ம் ஆண்டுச் சட்டம், வேண்டுமென்றே சொன்ன தவறான தகவலையும் கவனக்குறைவால் சொன்னதையும் பிரித்துப் பார்க்கிறது. கவனக்குறைவு மட்டும்தான், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்கும் என்றால், கட்டிய பிரீமியத்தின் விகிதத்தில் கிளெய்ம் தர வேண்டும். 100 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 60 வாங்கினார்கள் என்றால் 60 சதவீதம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலெந்து சாகூ வழக்கில், வாகனத்தின் பயன்பாடு பற்றிய நிபந்தனையை மீறினார் என்பதற்காகக் கிளெய்மை முழுதாக நிராகரிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இப்படிப்பட்ட மீறல்களில் 75 சதவீதம் வரை தரும் நடைமுறை அங்கே இருக்கிறது.

காரணத் தொடர்பு பற்றியும் நீங்கள் வாதிடலாம், ஆனால் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்து பேசுங்கள். கிலோமீட்டர் வரம்பைத் தாண்டியதற்கும் நின்ற காரை ஒருவர் இடித்ததற்கும் தொடர்பில்லை என்பது நல்ல வாதம். வேலைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையில் அது பலவீனமாகிவிடும், ஏனென்றால் வேலைக்குப் போகும் வழியில்தானே இது நடந்தது. அதை மறைக்காமல், குறைத்தாவது கொடுங்கள் என்று கேட்பதே என் யோசனை. எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் கேளுங்கள். பிறகு அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்). பிரிட்டனில் கம்பெனிக்கு எட்டு வாரம் அவகாசம், இறுதிப் பதில் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். இந்தியாவில் நிராகரித்ததிலிருந்து ஒரு வருடம்.

முன்னால் நின்றவருக்கு இப்போது பணம் எதுவும் தராதீர்கள், “என் தவறுதான்” என்றும் எழுதாதீர்கள். நின்றிருந்த உங்களைத் தள்ளிவிட்டவர் பின்னால் வந்தவர், பொறுப்பு அவருடையது. முன்னால் நின்றவர் பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தை இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்பி வையுங்கள். ஒருவேளை உங்கள் மேலும் பொறுப்பு விழுந்தாலும், கட்டாயக் காப்பீட்டில் பல நாடுகளில் கம்பெனி முதலில் மூன்றாம் நபருக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் உங்களிடம் வசூலிக்கப் பார்க்கும்.

தினமும் ஓட்டியதே தவறா என்று கேட்டீர்கள். பழைய கார் என்பதாலேயே தவறாகிவிடாது. எந்தப் பிரிவில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய காரை, வணிகத்துக்கு இல்லாதவரை, தினமும் ஓட்டத் தடையில்லை. பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை, ஆனால் சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. ஜெர்மனியில் 30 வயது தாண்டிய காருக்கு எச் எழுத்து நம்பர் பிளேட் வாங்கினால் தினமும் ஓட்டலாம். அங்கேயே 07 என்று தொடங்கும் சிவப்பு எண் என்றால் நிகழ்ச்சிகள், சோதனை ஓட்டம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பழங்கால கார் பிளேட்டோடு தினமும் வேலைக்குப் போவது கூடாது. இந்தியாவில் 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வயது தாண்டி விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாட உபயோகத்துக்கு இல்லை. உங்கள் பதிவும் இப்படிக் கட்டுப்பட்டது என்றால், அந்த மீறலுக்கான அபராதம் தனி விஷயம். இடித்தவர் மேலான உங்கள் கோரிக்கை அதனால் தானாக இல்லாமல் போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு அதைக் கண்டிப்பாக எடுத்துப் பேசும், தயாராக இருங்கள்.

இனிமேலும் ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நின்றே கிடக்கும் காரில் பிரேக் காலிப்பர் துருப்பிடித்து இறுகும், ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும். ஓடும் கார் நன்றாக இருக்கும். ஆனால் முதலில் பதிவு அதற்கு இடம் தர வேண்டும், அப்புறம் பாலிசியை மாற்ற வேண்டும். வேலைக்குப் போய்வருவதையும் சேர்த்து, உண்மையான கிலோமீட்டரைச் சொல்லி எடுங்கள். பிரீமியம் கூடும். ஒப்புக்கொண்ட மதிப்பு அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள், சில கம்பெனிகள் தினசரி உபயோகம் என்றதும் அதைச் சந்தை மதிப்புக்கு மாற்றிவிடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன், பிரகாசமான பின் விளக்கு, புது சீட் பெல்ட் என்று எதை மாற்றியிருந்தாலும் எழுதிச் சொல்லிவிடுங்கள். பின் விளக்கை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். மழையில் மங்கலாக எரிந்தது, அதனால்தான் தெரியவில்லை என்று இடித்தவர் உங்கள் மேல் ஒரு பங்கைச் சுமத்தப் பார்க்கலாம். ஆகவே உடைந்த விளக்கு, பல்பு, ஒயர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பொறியாளர் பார்த்து எழுதும்வரை காரில் கை வைக்கவும் விடாதீர்கள்.

கார் இப்போது கம்பெனியின் யார்டில் நின்றால், அவர்கள் அதைக் கழிவாக விற்பதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள். இடக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு இழுத்து வந்துவிடுங்கள், தேவையில்லாமல் ஏறவிட்ட கட்டணத்தைப் பிறகு யாரிடமும் வாங்க முடியாது. அந்த சிக்னல் கேமரா பதிவை அழிக்கும் முன் வாங்க வேண்டும், அதற்கான மனுவும் இன்றே போகட்டும்.