கார்டைக் கழற்றச் சொன்னது யார்?

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலையில் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஓட்டினேன். வயது 30, சம்பளம் 24,000 ரூபாய், அதனால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. 2024 நவம்பரில் பிரஸ்ஸில் மாட்டி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. வருஷாவருஷம் மார்ச் 4-ம் தேதி பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வைத்த முதலாளி, ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் கம்பெனி மீது வழக்குப் போட்டிருக்கிறார். தீர்ப்பு வந்தால் இழப்பீடு கிடைக்கும் என்று காத்திருக்கிறேன். இப்போது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டால் 4 லட்சம் ரொக்கம் தருவதாகச் சொல்கிறார்கள். உற்பத்தி குறையக்கூடாது என்று, கை மாட்டாமல் தடுக்கும் பாதுகாப்புக் கார்டைக் (guard) கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் ஓட்டுவோம். நான் என்ன செய்வது?

பதில்: முதலாளி வந்து பார்க்காதது வேதனைதான். ஆனால் வழக்குக்கு அது உதவாது. நீங்கள் போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கும் கார்டு விஷயம்தான் உங்கள் வழக்கே.

முதலில் அந்தக் காத்திருப்பை விடுங்கள். ஆய்வாளர் போட்டிருப்பது அரசுக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் இடையிலான வழக்கு. இன்னொருவர் விரல் போகாமலிருக்க அப்படிப்பட்ட வழக்குகள் கட்டாயம் வேண்டும். ஆனால் உங்கள் விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டப்படி படுகாயத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 5,000 ரூபாய். அதுவும் அரசுக்குத்தான் போகும். உங்கள் பணம், அப்போது அமலில் இருந்த 1923-ம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

இனி கார்டு. பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று அதைக் கழற்றினால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் மட்டும் இந்தச் சாக்கு செல்லாது. உங்களுடையது பகுதி ஊனம், அதனால் செல்லும். என்னிடம் வந்தவர்களில் பலர் சறுக்கியது இங்கேதான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கட்டுப் போட்ட கையோடு, “கார்டை நான்தான் எடுத்தேன், என் தப்புதான்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் முன்னால் அந்த ஒரு தாளைத்தான் நிர்வாகத்தார் நீட்டுவார்கள். வெறும் கவனக்குறைவு என்றால் உங்கள் உரிமை போகாது; வேண்டுமென்றே கழற்றியதாக ஆகிவிட்டால் போய்விடும். இப்போது கேட்கும் வெற்றுத்தாளில் நாளைக்கு எந்த வாக்கியம் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: கார்டு இல்லாமல் ஓட்டுவது சூப்பர்வைசருக்குத் தெரியும், அவர் சொல்லித்தான் ஓட்டினீர்கள். அதே ஷிஃப்டில் இருந்த இருவர் சாட்சி சொல்வார்களா? உற்பத்தி பற்றி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருக்கிறதா? ஆய்வாளரிடம் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதன் நகலை உடனே வாங்குங்கள். இதைப் பார்க்காமல் எந்த வக்கீலும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

அப்புறம் கணக்கு. 24,000 வாங்கினாலும் சட்டம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்ளும். அதில் 60 சதவீதம் 9,000. உங்கள் வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 207.98. மூன்று விரல் போனதற்குச் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. பெருக்கினால் 5,61,546 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, சிகிச்சைச் செலவு இரண்டும் தனி.

வெளிப்படையாகவே சொல்கிறேன்: கார்டுச் சண்டை வருடக்கணக்கில் இழுக்கும், தோற்றால் கையில் ஒன்றும் இருக்காது. ஐந்தரை லட்சத்துக்கு அவர்கள் இறங்கி வந்தால், வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது முடித்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் குறைவு. எந்தத் தொகையானாலும் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்து, வங்கி வழியாக வாங்குங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தம் முதலாளியையும் முழுப் பொறுப்பிலிருந்து காப்பாற்றாது என்று அவர்கள் வக்கீலுக்கே தெரியும். அதைச் சொல்லியே பேசுங்கள்.

பேச்சு நடக்கிறது என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் தாண்டும்வரை இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, அப்புறம் போனையே எடுக்காத நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். மனுவைப் போட்டுவிட்டுப் பேச உட்காருங்கள்.