வேலிக்கு அந்தப்பக்கமும் பாருங்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் உமிழ்வை ஈடுகட்ட, காடு தானாக மீண்டும் வளரும் திட்டம் ஒன்றிலிருந்து கார்பன் கிரெடிட் வாங்கப் பேசிவருகிறோம். சான்றிதழும் பசுமை கூடியிருக்கும் செயற்கைக்கோள் படங்களும் காட்டுகிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: மரம் வளர்ந்திருப்பதைப் படம் காட்டும். எதனால் வளர்ந்தது என்பதைக் காட்டாது. ஒரு கிரெடிட் என்பது மரங்கள் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு டன் கரியமில வாயு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு டன் வெளியேற்றுவீர்கள். திட்டமே இல்லாவிட்டாலும் அந்த மரங்கள் வளர்ந்திருக்கும் என்றால், காற்றில் ஒரு டன் கூடியதுதான் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில், ஆடுமாடுகளைக் கட்டுப்படுத்தினால் மண்ணில் கிடக்கும் விதையும் வேரும் துளிர்த்துக் காடாகும் என்ற கணக்கில் ஏராளமான கிரெடிட்டுகள் வழங்கப்பட்டன. குறைந்தது இரண்டு மீட்டர் உயர மரங்களின் விதானம், அதாவது கிளையும் இலையும் சேர்ந்த கூரை, நிலத்தில் 20 சதவீதத்தையாவது மூடினால் அது அங்கே காடு. ஆண்ட்ரூ மக்கின்டாஷும் சக ஆய்வாளர்களும் 182 திட்டங்களை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் மரப்பரப்பு சிறிதளவே மாறியிருந்தது. அந்த மாற்றமும் திட்டத்துக்கு வெளியே ஒட்டியிருந்த நிலத்தில் நடந்ததை ஏறத்தாழ ஒத்திருந்தது. அங்கே மரத்தின் தலைவிதியை முடிவு செய்வது பெரும்பாலும் மழைதான் என்பது அவர்கள் வாதம். இந்தக் கிரெடிட் முறையை ஆராய அரசு அமைத்த, விஞ்ஞானி இயன் சப் தலைமையிலான குழுவோ, 2023 ஜனவரியில் வெளியான அறிக்கையில், அந்த முறை அடிப்படையில் சரியானதே என்றது. எனக்கு ஆய்வாளர்களின் ஒப்பீடுதான் வலுவாகப் படுகிறது.

அதே ஒப்பீட்டை எளிய அளவில் நீங்களும் செய்யலாம். திட்ட எல்லையின் வரைபடக் கோப்பைக் கேளுங்கள்; தரத் தயங்கினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களில் திட்டம் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்து பாருங்கள். வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு துண்டு, அந்தப்பக்கம் அதே மண்ணும் மழையும் உள்ள ஒரு துண்டு. இரண்டு பக்கமும் ஒரே ஆண்டில் பச்சையாகி ஒரே ஆண்டில் வெளுத்தால், அது மழையின் வேலை. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல இந்தப்பக்கம் மட்டும் அடர்ந்துகொண்டே போனால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. தொடக்கப் படம் கடும் வறட்சியின் முடிவில் எடுத்ததா என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் எந்த நிலமும் அதன்பின் முன்னேறியதாகவே தெரியும்.

அடுத்து, எத்தனை டன் என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். மாதிரித் துண்டுகளில் மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்து எழுதிய பதிவேடு இருக்கிறதா, அல்லது கணினி மாதிரி சொன்ன எண் மட்டும்தானா? மேலே சொன்ன ஆஸ்திரேலியத் திட்டங்களில் கிரெடிட்டுகள் கணினி மாதிரியின் மதிப்பீட்டை வைத்தே தரப்பட்டன.

நீடிப்பும் முக்கியம். நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். ஆஸ்திரேலியாவில் சேர்ந்த கார்பனை 25 ஆண்டு காப்பதா, 100 ஆண்டு காப்பதா என்பதைத் திட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம். 25 என்றால் கிரெடிட்டில் 20 சதவீதம் கழிப்பார்கள். அந்தக் கழிவு போதாது என்பது என் கருத்து. 2021இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் தீ, ஈட்டுக் கிரெடிட் விற்றிருந்த காட்டையும் எரித்தது. எரிந்தால் இழப்பை யார், எதிலிருந்து ஈடுகட்டுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். விலக்கிய மந்தை பக்கத்துக் காட்டை மேயப் போய்விட்டதா என்றும் கேளுங்கள்.

முன்பு உண்மையிலேயே காடு அழிக்கப்பட்ட நிலம், அருகில் விதை தரும் தாய்மரங்கள், தொடக்கத்திலேயே குறித்துவைத்த ஒப்பீட்டுத் துண்டுகள், இவை மூன்றும் உள்ள திட்டத்தை நான் மதிப்பேன். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் காட்டுக்குப் பணம் தருவதை நிறுத்த வேண்டியதில்லை. அதை நன்கொடையாகக் கணக்கில் எழுதுங்கள். உங்கள் உமிழ்வு எண்ணிலிருந்து மட்டும் கழிக்காதீர்கள்.